எர்ணாவூரைக் கடக்கும் தண்டவாளம்: ஒரு மைல் ரயில் பாதைக்கு எத்தனை மரம், எத்தனை இரும்பு?

எர்ணாவூர் மேம்பாலத்தைக் கடக்கும்போது கீழே சரக்கு ரயில் போனால், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறும். கண்டெய்னர் லாரி ஒன்று ஹார்ன் அடித்து நம்மை நகரச் சொல்லும். இரு முனைகளுக்கு இடையே 58 திறந்த பெட்டிகள் கொண்ட ஒரு நிலக்கரி ரயில் சுமார் 4,000 டன் சரக்கை ஏற்றிச் செல்கிறது. "வாப்பா, இவ்வளவு கனத்தை அந்தக் கம்பி எப்படித் தாங்குது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். அதற்குப் பதில் தேடப் போனால் நாம் போய்ச் சேருவது பொறியியல் பாடத்தில் அல்ல. நம் வடசென்னையின் 170 ஆண்டு கால வரலாற்றில்.

முதலில் இன்றைய கணக்கு. ஒரு மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம்தான் இன்று முக்கியப் பாதைகளில் போடப்படுகிறது. இரண்டு தண்டவாளம் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டருக்கு 120 டன் எஃகு. அதைத் தாங்க ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் சிலீப்பர்கள். ஒவ்வொன்றும் கால் டன்னுக்கு மேல். அதற்கும் கீழே கருங்கல் ஜல்லி, ஏறத்தாழ 2,000 கன மீட்டர். ஒரு லாரி 10 கன மீட்டர் கொண்டுவரும் என்றால், ஜல்லிக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 200 லாரி. இது ஒரே ஒரு பாதைக்கு. பாலம், நிலையம், சிக்னல், மின்கம்பி எல்லாம் தனி.

இன்று கிரேன் இருக்கிறது, லாரி இருக்கிறது, பிலாய் உருக்காலை இருக்கிறது. இவை எதுவும் இல்லாத காலத்தில், துறைமுகம்கூட இல்லாத ஒரு கடற்கரையில் இறக்கித்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையைப் போட்டார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் "ரயிலை வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனான்" என்று சொல்லக் கேட்டிருப்போம். யார் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்பதை எடைபோட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ராயபுரத்தில் இறங்கிய இரும்பு

சென்னை ரயில்வே கம்பெனி லண்டனில் பதிவான ஒரு தனியார் நிறுவனம். 1853-ல் வேலை தொடங்கியது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு முன்னிலையில் ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது. ஜூலை 1 முதல் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. தூரம் சுமார் 100 கிலோமீட்டர். இன்றைய கண்ணுக்கு இது ஒரு புறநகர்ப் பயணம். அன்று அது மாட்டுவண்டியில் பல நாள் வழி.

அந்த 100 கிலோமீட்டருக்கு எவ்வளவு இரும்பு தேவைப்பட்டிருக்கும்? அக்காலத் தண்டவாளத்தின் எடையை ஒரு கெஜத்துக்கு 60 பவுண்டு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 30 கிலோ வருகிறது. இன்றைய தண்டவாளத்தில் சரிபாதி. இரண்டு வரிசைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 60 டன். மொத்தம் 6,000 டன். எர்ணாவூரைக் கடந்துபோகும் இன்றைய நிலக்கரி ரயில் ஒன்றரை சேர்ந்த எடை. அப்படிச் சொன்னால் சிறிதாகத் தோன்றும். ஆனால் அது வந்து சேர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

தண்டவாளம் முழுவதும் பிரிட்டனில் செய்யப்பட்டது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-ல்தான். எனவே இந்த இரும்பு பாய்மரக் கப்பல்களில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வந்தது. வந்த கப்பல் சென்னையில் கரையைத் தொட முடியாது. இங்கே துறைமுகம் இல்லை. துறைமுகக் கட்டுமானம் 1870-களின் நடுவில்தான் தொடங்கியது. அதையும் 1881-ல் ஒரு புயல் சிதைத்தது. கடலுக்குள் நீட்டிய இரும்புப் பாலம்கூட 1860-களின் தொடக்கத்தில்தான் வந்தது. ஆகவே 1850-களில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைக் கரைக்குக் கொண்டுவருவது மசூலா படகுகள்.

மசூலா படகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு சென்னை அலையில் மோதி உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். அரபுக் கடலோடிகள் பல நூற்றாண்டுகள் இந்தியப் பெருங்கடலில் ஓட்டிய மரக்கலங்களும் இப்படித் தைக்கப்பட்டவைதான். நம் கடற்கரைகளில் மரக்கலம் ஓட்டிய குடும்பங்களுக்கு இந்தத் தையல் புதிதல்ல.

அன்றைய தண்டவாளத் துண்டு ஒன்று 18 முதல் 21 அடி நீளம். எடை ஏறக்குறைய 180 கிலோ. 100 கிலோமீட்டர் பாதைக்கு இப்படி 33,000 துண்டுகள் தேவை. ஒரு படகு ஒரு நடைக்கு 2 டன் ஏற்றியது என்று வைத்தால், அதாவது பதினோரு துண்டு, தண்டவாளத்துக்கு மட்டும் 3,000 நடை. அலை கொந்தளிக்கும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் படகே இறங்காது. கவிழ்ந்தால் தூக்கிவிடக் கட்டுமரங்கள் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். மனிதரைத் தூக்கலாம், விழுந்த இரும்பு போனது போனதுதான்.

தண்டவாளத்தோடு முடிவதில்லை. அக்காலத்தில் வழக்கமாயிருந்த இருதலைத் தண்டவாளம் மரக்கட்டையின் மேல் நேராக உட்காராது. ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு வார்ப்பிரும்புத் தாங்கிகள் வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் தாங்கிகள். ஒன்று 10 கிலோ என்றாலும் இன்னொரு 2,000 டன். பிறகு இணைப்புத் தகடுகள், போல்ட், ஆணி. ரயில் இயந்திரங்களோ கழற்றிப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டு, இங்கே மீண்டும் பூட்டப்படும். பழுது பார்க்கவும் பெட்டி கட்டவும் பெரம்பூரில் பட்டறை உருவானது.

கல்கத்தாப் பக்கம் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். அங்கே முதல் ரயிலுக்கான பெட்டிகளை ஏற்றிவந்த கப்பல் கங்கை முகத்துவாரத்துக்கு அருகே மூழ்கியது. இயந்திரம் ஏறிய கப்பலோ தவறுதலாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் ரயில் பாதை போடுவது முதலில் ஒரு கப்பல் வேலை. அதற்குப் பிறகுதான் மண் வேலை.

பரங்கிப்பேட்டையில் ஓர் உலை இருந்தது

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இரும்புக்கு ஏன் பிரிட்டன் வரை போனார்கள்? இங்கே இரும்பு இல்லையா?

இருந்தது. நம் வாசகர்கள் பலருக்கும் சொந்த ஊரோ சம்பந்தி ஊரோ ஆன பரங்கிப்பேட்டையிலேயே இரும்பு உருக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், 1830-களில் அங்கே ஐரோப்பிய முறை உருக்காலையை நடத்தினார். தாதுப்பாறை சேலத்திலிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி. மலபாரில் பேப்பூரிலும் இதே நிறுவனத்துக்கு ஆலை இருந்தது. பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகி, அங்கே வேல்ஸ் பகுதியில் கட்டப்பட்ட புகழ்பெற்ற பிரிட்டானியா ரயில் பாலத்திலும் பயன்பட்டதாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதாவது நம் மண்ணின் இரும்பு கடல் கடந்து பிரிட்டனின் ரயிலுக்குப் போனது. பிரிட்டனின் இரும்பு கடல் கடந்து நம் ரயிலுக்கு வந்தது.

1860-களில் பரங்கிப்பேட்டை ஆலை மூடப்பட்டது. ஆலை நொடித்ததற்கு வெறும் சதி என்று ஒரே காரணம் சொல்வது சரியாகாது. மரக்கரியில் உருக்கிய இரும்பு தரத்தில் உயர்ந்தது. ஆனால் ஒரு டன் இரும்புக்குப் பல டன் விறகு எரிய வேண்டும். சுற்றியிருந்த காடு தீரத் தீர விறகின் விலை ஏறியது. பிரிட்டன் நிலக்கரியில் மலிவாக உருக்கிக் குவித்துக்கொண்டிருந்தது. ஆயினும் ரயிலுக்கான இரும்பை இங்கே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. சென்னையிலிருந்து கிளம்பிய அந்தப் பாதை ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்தையே தொட்டுக்கொண்டு சென்று, 1862-ல் பேப்பூரில் முடிந்தது. இரும்புத் தாது கிடந்த மலையடிவாரத்தின் வழியாக, இரும்பு உலை இருந்த ஊர் வரைக்கும், பல ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த தண்டவாளம். சுமார் 650 கிலோமீட்டர். மேலே சொன்ன அதே கணக்கில் 39,000 டன்.

மரத்தின் கணக்கு

இரும்பைவிட நமக்கு அதிகம் உறைத்தது மரம். இரும்பைக் கப்பலில் கொண்டுவரலாம். தண்டவாளத்தைத் தாங்கும் சிலீப்பர் கட்டையைப் பெரும்பாலும் இங்கேதான் வெட்ட வேண்டியிருந்தது.

ஒரு கெஜத்துக்கு ஒரு கட்டை என்பது அன்றைய கணக்கு. ஒரு மைலுக்கு 1,760 கெஜம். ஆகவே 1,760 கட்டை. வாலாஜா வரை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பேப்பூர் வரை ஏழு லட்சம். 

1856-ல், ராயபுரம் ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், சென்னை மாகாணத்துக்கு முதன்முறையாக ஒரு வனப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டார். பெயர் ஹியூ கிளெக்ஹார்ன். சென்னையிலேயே பிறந்தவர்; தொழிலில் மருத்துவர்; மனத்தளவில் தாவரவியலாளர். அவர் காலத்து மதிப்பீட்டின்படி, சென்னை மாகாண ரயில் பாதைகளுக்கு ஆண்டுதோறும் உள்நாட்டிலிருந்து இரண்டரை லட்சம் சிலீப்பர்கள் தேவை. அதற்கு 35,000 மரங்கள் விழ வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு மரத்துக்கு ஏழு கட்டை. அந்த விகிதத்தில் பேப்பூர்ப் பாதை முழுவதும் உள்நாட்டு மரத்தில் போடப்பட்டிருந்தால் ஒரு லட்சம் மரம். வட ஆற்காட்டு மலைகளில் முன்பு நிறைந்திருந்த மரங்கள் பெருமளவு வெட்டப்பட்டு மலைகள் வெறுமையாகிவிட்டதை அவரே 1861 வாக்கில் எழுதி வைத்தார். இன்று ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ரயிலில் போகும்போது இருபுறமும் மொட்டையாகத் தெரியும் பாறை மலைகளைப் பார்க்கிறோமே, அவற்றின் கதையில் ரயிலுக்கும் ஒரு பங்கு உண்டு.

ஒருமுறை வெட்டியதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மரக்கட்டை மண்ணில் கிடக்கிறது, மழை ஊறுகிறது, கரையான் விடுமா? பதப்படுத்தாத மென்மரம் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். நல்ல மரம் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு தாங்கும். பதப்படுத்தாமலே நீடித்து உழைக்கும் மரங்கள் என்று இந்தியக் காடுகளில் பெரிய அளவில் கண்டறியப்பட்டவை மூன்றுதான்: தேக்கு, சால், தேவதாரு. தெற்கே கிடைத்தது தேக்கு. மலபார் ஆட்சியராக இருந்த கானொலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். ஆனால் தேக்கு முற்ற அறுபது ஆண்டாவது ஆக வேண்டும், ரயில் காத்திருக்கவில்லை. எனவே காட்டுத் தேக்கு விழுந்தது. சாலியாற்றில் மிதந்து கல்லாயிக்கும் பேப்பூருக்கும் வந்த மரத்தை விற்றவர்களில் மாப்பிள்ளை வணிகர்கள் பலர். இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

உள்ளூர் மரம் போதாதபோது, ஐரோப்பாவின் வடபகுதிப் பைன் மரத்தை கிரியோசோட் எண்ணெயில் ஊறவைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா மரமும் வந்தது. கரையானுக்குத் தப்ப, கவிழ்த்த சட்டி வடிவிலான வார்ப்பிரும்புச் சிலீப்பர்களும் போடப்பட்டன. இந்தச் சட்டிச் சிலீப்பர் எகிப்திலும் பயன்பட்டது. அலெக்சாந்திரியா முதல் கெய்ரோ வரையிலான ரயில் பாதை முழுமையடைந்ததும் இதே 1856-ல்தான். மணலில் மரம் எங்கே கிடைக்கும்?

1860-ல் இந்தியா முழுவதும் ரயில் பாதை 1,349 கிலோமீட்டர். 1910-ல் 51,658 கிலோமீட்டர். 1864-ல் இந்திய வனத்துறை உருவாக்கப்பட்டது; 1865-லும் 1878-லும் வனச் சட்டங்கள்; சென்னை மாகாணத்துக்கு 1882-ல் தனிச் சட்டம். காட்டைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்டாலும், ரயிலுக்குக் கட்டை தட்டாமல் கிடைக்க வேண்டும் என்பதே முதன்மையான தூண்டுதல். மலையில் தினை விதைத்தவர்களும், ஆடு மேய்த்தவர்களும், விறகு பொறுக்கியவர்களும் அதற்குப் பிறகு அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

எரிந்ததும் மரம்தான்

இன்னொரு செலவை நாம் மறந்துவிடுகிறோம். அக்காலத்தில் சென்னை மாகாண ரயில் இயந்திரங்கள் பெருமளவு விறகில்தான் ஓடின. நிலக்கரி வங்காளத்திலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வர வேண்டும், விலை கட்டுப்படியாகாது. கீழே படுத்திருந்ததும் மரம், மேலே எரிந்ததும் மரம். சென்னையைச் சுற்றிய கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு இந்த விறகுத் தேவை ஒரு காரணம். இன்று நாம் பந்தல் காலுக்கும் சாரத்துக்கும் வாங்கும் சவுக்குக் கம்பு அந்த வழியில் பரவியதுதான்.

எர்ணாவூர் வாசிகளுக்கு இது தெரிந்த நிலம். மேற்கே பக்கிங்காம் கால்வாய், கிழக்கே கடல். 1800-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட அந்தக் கால்வாய், 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்களின் கையால் நீண்டு விரிந்தது. அதன் வழியே விறகும் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் படகில் பட்டணத்துக்கு வந்தன. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகுதான் பட்டணத்து அடுப்புகள் பலவற்றை எரித்தது. 1899-ல் விஜயவாடாவையும் சென்னையையும் இணைக்கும் பாதை திருவொற்றியூர், எண்ணூர் வழியாக, கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட இந்த ஒடுங்கிய மணல் திட்டில் போடப்பட்டது. நம் மேம்பாலத்தின் கீழே ஓடுவது அதன் வழித்தடம்தான். அப்போது துறைமுகம் வந்துவிட்டது. இரும்பு இறக்க மசூலா படகு தேவையில்லை. தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரியும் ரயிலிலேயே தெற்கே வர வழி பிறந்தது. கால்வாய்ப் படகுகளின் தொழில் அன்றிலிருந்து தேயத் தொடங்கியது.

பணம் யாருடையது?

சென்னை ரயில்வே கம்பெனியின் பங்குதாரர்கள் பெரும்பாலும் பிரிட்டனில் இருந்தவர்கள். அவர்கள் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டியை இந்திய அரசு உறுதி செய்திருந்தது. ரயில் லாபம் ஈட்டினால் அதிலிருந்து. ஈட்டாவிட்டால் இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து. சிக்கனமாகக் கட்ட வேண்டும் என்ற அக்கறை எந்தக் கம்பெனிக்கு இருக்கும்? வட்டியின் தீமையைப் பற்றி நாம் மஜ்லிஸ்களில் பேசும்போது தனிமனிதக் கடனைத்தான் பெரிதும் பேசுகிறோம். ஒரு நாடே, தான் கேட்காத கடனுக்கு, ரயில் ஏறாத உழவனின் நிலவரியிலிருந்து அரை நூற்றாண்டு வட்டி கட்டிய கதை இது. 1907-ன் முடிவில் அரசு அந்தப் பாதையை விலை கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டு அது மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் பகுதியானது.

அந்த ஆண்டு, 1908, வேறொரு ரயில் பாதையின் வரலாற்றிலும் வருகிறது.

குர்பானித் தோலில் போட்ட தண்டவாளம்

டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ரயில் பாதை போடும் அறிவிப்பை உதுமானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900-ல் வெளியிட்டார். நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். ராயபுரத்திலிருந்து பேப்பூருக்கு இரண்டு முறை போகும் தூரம். பெரும்பகுதி பாலைவனம். ஒட்டகக் கூட்டத்தில் ஏறக்குறைய 40 நாள் பிடித்த ஹஜ் வழியை மூன்று நாளாகச் சுருக்குவது வெளியே சொன்ன நோக்கம். அரபுப் பகுதிகளில் படையை விரைவாக நகர்த்துவது இன்னொரு நோக்கம். அதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

இதற்கு வெளிநாட்டுக் கடன் வாங்கப்படவில்லை. உலக முஸ்லிம்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நன்கொடை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மீதி, அரசு ஊழியர் சம்பளப் பிடித்தம், சிறப்பு முத்திரைக் கட்டணம் போன்றவை. ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்த குர்பானிப் பிராணிகளின் தோலை விற்ற பணமும் இந்த நிதிக்குப் போனது. இந்தியாவில் லாகூரிலிருந்து 'வதன்' பத்திரிகை நடத்திய முஹம்மது இன்ஷாவுல்லாஹ் இதற்காகத் தொடர்ந்து எழுதி நிதி திரட்டினார். ஹைதராபாத்தின் முல்லா அப்துல் கய்யூமும் இதில் முன்னின்றார். அதிகம் கொடுத்தவர்களுக்கு சுல்தானின் பெயரால் பதக்கம் அனுப்பப்பட்டது.

இப்போது எடைக்கு வருவோம். ஹிஜாஸ் பாதை 1,050 மில்லிமீட்டர் அகலமுள்ள குறும்பாதை. தண்டவாளம் நம்முடையதைவிட மெல்லியது. மீட்டருக்கு 20 கிலோ என்று குறைத்தே போட்டாலும் 52,000 டன். மரம் இல்லாத நாட்டில் பெரும்பகுதிக்கு எஃகுச் சிலீப்பர் போட்டார்கள். காட்டாற்று வெள்ளத்தைக் கடத்த 2,600-க்கும் மேற்பட்ட கற்பாலங்களும் மதகுகளும். கல் மட்டும் அங்கே தாராளமாகக் கிடைத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை; வேலை நடக்கும் இடத்துக்கு ரயிலிலேயே தண்ணீர் கொண்டுபோனார்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் உதுமானியப் படைவீரர்கள், பல்லாயிரம் பேர். காலராவும் தாகமும் பலரைக் கொன்றன.

சென்னைக்கு வந்த அதே சிக்கல் அங்கேயும் வந்தது: இரும்பை எங்கே இறக்குவது? பெய்ரூத் துறைமுகத்திலிருந்து டமாஸ்கஸுக்குப் போன ரயில் பாதை பிரெஞ்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. அவர்கள் கேட்ட கூலி கட்டவில்லை. அதனால் மத்தியதரைக் கடலோரம் ஹைஃபாவிலிருந்து தர்ஆ வரை தனிக் கிளைப் பாதை ஒன்று போடப்பட்டு, 1905-ல் திறக்கப்பட்டது. பொருள் கொண்டுவருவதற்காகவே ஒரு ரயில் பாதை!

தலைமைப் பொறியாளர் மைஸ்னர் ஒரு ஜெர்மானியர். அல்உலாவுக்குத் தெற்கே, புனித பூமியை நெருங்கும் பகுதியை முஸ்லிம் பொறியாளர்களே முடித்தார்கள். 1908-ல் ரயில் மதீனாவை அடைந்தது. பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் ஒன்றை நாம் கவனிக்காமல் போகக்கூடாது. தண்டவாளம் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தது. இயந்திரங்கள் பெரும்பாலும் ஜெர்மனியில் செய்தவை. குர்பானித் தோல் விற்ற காசில் பெரும்பகுதி கடைசியில் ஐரோப்பிய உலைகளுக்கே போய்ச் சேர்ந்தது. இரும்பின் பெயரில் அல்ஹதீத் என்று ஓர் அத்தியாயத்தை ஓதும் சமுதாயத்திடம் ஓர் இரும்பு ஆலை இல்லை. பரங்கிப்பேட்டையில் உலை அணைந்து அப்போது நாற்பது ஆண்டு ஆகியிருந்தது. ஜம்ஷெட்ஜி டாட்டாவின் இரும்பு நிறுவனம் 1907-ல்தான் பதிவானது. அதன் தண்டவாளம் முதல் உலகப் போரில் மெசபொடேமியாவுக்கும் எகிப்துக்கும், உதுமானியரை எதிர்த்த பிரிட்டிஷ் படையின் ரயில்களுக்காகப் போனது.

அந்தப் போரில் ஹிஜாஸ் ரயிலுக்கு நேர்ந்தது பலருக்கும் தெரியும்: 1916 முதல் அரபுக் கிளர்ச்சியாளர்களும் அவர்களோடு சேர்ந்த பிரிட்டிஷ் அதிகாரிகளும் வெடி வைத்துப் பாதையைத் தகர்த்தார்கள். வெடிக்கு முன்பே அதை முடக்கத் தொடங்கியது எரிபொருள் பஞ்சம். கடல் வழி அடைபட்டதால் நிலக்கரி வரவில்லை. சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் ஒலிவ மரங்கள் உட்பட வெட்டி இயந்திரத்தில் போட்டார்கள். இன்றைய ஜோர்தானில் ஷவ்பக் அருகே இருந்த கருவாலிக் காட்டை வெட்டி எடுக்கவென்றே ஒரு கிளைப் பாதை போட்டார்கள். மரம் இல்லாமல் எஃகில் போட்ட ரயில் பாதை, கடைசியில் மரத்தையே தேடிப் போனது. மஆனுக்குத் தெற்கே உள்ள பாதை போருக்குப் பின் கைவிடப்பட்டது. மதீனா நிலையம் இப்போது அருங்காட்சியகம். உம்ரா போகும் நம் குடும்பங்களில் சிலர் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

அதற்கு இணையான ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1856-ல் திறந்த ராயபுரம் நிலையக் கட்டடம், இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. சிதிலமடைந்து கிடந்ததை 2005-ல் புதுப்பித்தார்கள். உயர்ந்த தூண்களோடு, ஒரு நிலையத்துக்குத் தேவையானதைவிட அதிக மிடுக்கோடு நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போக விரும்புவோர் விம்கோ நகரிலோ கத்திவாக்கத்திலோ மின்சார ரயில் ஏறலாம். கடற்கரை நிலையம் வரை போகும் ரயிலா என்று மட்டும் பார்த்து ஏறுங்கள். சென்ட்ரல் போகும் ரயில் ராயபுரத்தைத் தொடாமல் பேசின் பிரிட்ஜ் வழியாகத் திரும்பிவிடும்.